வாத்துத் துவாயில் கிடந்த பிள்ளை: ஒரு நிகழ்வு ஆய்வு

இது என் தங்கையின் பிள்ளையைப் பற்றியது. பெயர் சொல்லப்போவதில்லை. ஆணா பெண்ணா என்பதையும் சொல்லப்போவதில்லை. அதற்கொரு காரணம் இருக்கிறது, பிறகு வரும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊர் என்ற அளவு போதும். பிள்ளையின் படத்தை ஊருலகத்துக்குக் காட்டியதால் வந்த வினையை எழுதப்போய், நானே இன்னொரு முறை காட்டிவிடக் கூடாதே என்று இரண்டு மூன்று சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் முதலில் வாசித்தது தங்கை. இரண்டு இடத்தில் பேனையால் வெட்டினாள். வெட்டியது வெட்டியதுதான்.

மாமியின் அழைப்பு

ஒரு நாள் விடியப்புறம் நாலரை மணிக்குக் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து மாமி அழைத்தார். அங்கே முதல் நாள் இரவு ஏழு மணி. எடுத்தவுடன் அழுகை.

"தம்பி, பிள்ளைக்கு என்ன? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். பக்கத்து அறையில் தாயின் கையைப் பிடித்தபடி நல்ல நித்திரை. முதல் நாள்தான் கிளினிக்கில் நிறுத்து, நிறை நன்றாக ஏறுகிறது என்று குடும்பநல உத்தியோகத்தர் கொப்பியில் புள்ளி வைத்து அனுப்பியிருந்தார்.

மாமி ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். நீல வெளிச்சத்தின் கீழ், கண் இரண்டும் கட்டப்பட்ட ஒரு பச்சைக் குழந்தை. மேலே எழுத்து: வன்னியில் வறிய குடும்பம், இதயத்தில் ஓட்டை, உடனடியாகச் சத்திரசிகிச்சை, 18 லட்சம் ரூபாய் தேவை, உறவுகளே உதவுங்கள். கீழே ஒரு வங்கிக் கணக்கு இலக்கம்.

மாமி முதல் நாளே காசனுப்பும் செயலி ஒன்றின் வழியாக 100 டொலர் அனுப்பிவிட்டிருந்தார். தான் அனுப்பினால் மட்டும் காணாது, கோயில் வட்ஸ்அப் குழுவுக்கும் போடுவோம் என்று இன்று படத்தைப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறார். குழந்தைக்குக் கீழே மஞ்சள் துவாய். துவாயில் வரிசையாக வாத்துகள்.

"உந்தத் துவாய் நான் வாங்கி அனுப்பினதெல்லோ!"

ஆம். எங்கள் பிள்ளைதான்.

படம் போன வழி

பிறந்த மூன்றாம் நாள் பிள்ளைக்கு மஞ்சள் பிடித்தது. இது பெரிய விஷயமே இல்லை. பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சள் காண்பது வழமை. கூடினால் நீல வெளிச்சத்தில் கிடத்துவார்கள். அந்த ஒளி, தோலில் சேர்ந்திருக்கும் மஞ்சள் நிறப் பொருளை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். வெளிச்சம் கண்ணைத் தாக்காமலிருக்கக் கண்ணைக் கட்டுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத ஒருவர் பார்த்தால் உயிர் ஊசலாடுவது போலத்தான் இருக்கும். மோசடிக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

படத்தைப் பிடித்தது மச்சான், பிள்ளையின் தகப்பன். குடும்பத்துக்குள் அனுப்பினார். என் அம்மா, அதாவது பிள்ளையின் அம்மம்மா, அதை எடுத்து பேஸ்புக்கில் போட்டார். "என்ர பேரப்பிள்ளைக்காக எல்லாரும் நல்லூரானை வேண்டிக்கொள்ளுங்கோ" என்று எழுதி, பிறந்த திகதி, நேரம், ஆஸ்பத்திரி எல்லாம் போட்டிருந்தார். நேரம் நிமிடக் கணக்கோடு. அம்மாவின் கணக்கு, ஃபோன் வாங்கிய அன்று கடைப் பெடியன் திறந்து கொடுத்தது. அதில் எந்தப் பதிவைப் போட்டாலும் உலகத்தில் யாரும் பார்க்கலாம் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை.

யாரும் பார்க்க எத்தனை படம் வெளியே கிடக்கிறது என்று அன்று காலை நானும் தங்கையும் இருந்து எண்ணினோம். அம்மாவின் கணக்கில் 137. தங்கை போட்டது 58. மீதி மச்சான், மாமி, சித்தப்பா, ஒரு ஸ்டூடியோ. எல்லாமாக 238. இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் 2018இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, ஒரு பிள்ளைக்கு 13 வயதாகும்போது பெற்றோர் சராசரியாக 1,300 படங்களும் வீடியோக்களும் போட்டிருப்பார்கள் என்றது. நாங்கள் போன வேகத்துக்கு மூன்று வயதுக்கு முன்பே அதைத் தாண்டியிருப்போம்.

படங்களைவிட என்னை உறுத்தியது எழுத்து. 31ஆம் நாள் பதிவில் பிள்ளையின் முழுப் பெயர் வந்துவிட்டது. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் நான்கும் இப்போது ஓரிடத்தில். இலங்கையில் 2016 முதல் கொடுக்கப்படும் 12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்த எவருக்கும் எங்கள் பிள்ளை 15 வயதில் எடுக்கப்போகும் அட்டையின் முதல் ஏழு இலக்கமும் இன்றைக்கே தெரியும். முன்னே சொன்ன காரணம் இதுதான்.

இதில் எனக்குச் சிரிப்பும் வந்தது. அம்மா எங்கள் சாதகங்களை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பவர். பொருத்தம் பார்க்கக் கேட்டாலும் மூலத்தைக் கொடுக்க மாட்டார், நட்சத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுப்பார். யாராவது எடுத்துச் செய்வினை செய்துவிடுவார்களாம். அந்த மனுசிதான் பேரப்பிள்ளையின் பிறந்த நேரத்தை நிமிடத்தோடு ஊருக்குச் சொன்னது. 31 நாள் வரை துடக்கென்று வெளியாட்களை அறைக்குள் விடவில்லை. வந்தவர்கள் "வடிவான பிள்ளை" என்று வாய் தவறிச் சொன்னால், அவர்கள் படலையைத் தாண்டியதும் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். கன்னத்தில் கரிப்பொட்டு, கையில் வசம்பு. அதே அறையிலிருந்து போன படத்துக்கு 640 விருப்பக்குறி. அத்தனை பேரின் நாவூற்றுக்கும் சேர்த்து எவ்வளவு மிளகாய் தேவைப்படும் என்று தங்கை கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குள்

தங்கை அன்று வெடித்தாள். "கேக்காமல் ஏனம்மா போட்டனீங்கள்? அது என்ர பிள்ளையெல்லோ?" அம்மா பதில் பேசவில்லை. குசினிக்குள் போய் இருந்துவிட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் நான் போய்ப் பக்கத்தில் இருந்தபோது ஒரே வசனம்தான்: "நான் என்ன களவெடுத்தனானோ?"

இப்படிப்பட்ட விஷயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெருமை, விளம்பர ஆசை, விருப்பக்குறிப் பைத்தியம் என்று முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்தான். 2024 ஒக்டோபரில் சென்னையில் ஒரு யூடியூபர், சத்திரசிகிச்சை அறைக்குள் தன் குழந்தையின் தொப்புள்கொடியை வெட்டுவதை வீடியோவாகப் போட்டு, தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை நடவடிக்கை எடுக்கும் அளவுக்குப் போனதை இங்கேயும் எல்லோரும் பார்த்தோம். அம்மா அந்த வகையில்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் இரவு அம்மா தானாகவே கதைத்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு இரண்டு. போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை, சேறு, நாவற்குழிப் பாலத்தில் அடிவைக்க இடமில்லாத சனம். அம்மா ஒரு கையில் தங்கை, மறு கையில் ஒரு பை. பைக்குள் நகை, பிறப்புச் சான்றிதழ், சாதகங்கள், கொஞ்ச அரிசி. அல்பம் அலுமாரியில். நாலு நாளில் திரும்பலாம் என்று நினைத்தார்களாம். 1996இல் வீட்டுக்குத் திரும்பியபோது அலுமாரியே இல்லை.

எனக்கும் தங்கைக்கும் குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூடக் கிடையாது. இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. எங்கள் வயதில் யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு அலுமாரிக் கதை இருக்கும். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாத ஊரில் ஒரு படச்சுருளை வாங்கி, கழுவி, அச்சடித்து எடுப்பதே பெரிய பாடு. எடுத்ததும் போனது.

"உங்கட முகம் அப்ப எப்பிடி இருந்ததெண்டு எனக்கு இப்ப ஞாபகம் வருகுதில்லை" என்றார் அம்மா. "பேஸ்புக்கில போட்டால் துலையாதெண்டு பெடியள் சொன்னவங்கள்."

அதுதான் காரணம். 137 படங்களும் அம்மாவைப் பொறுத்தவரை அலுமாரிக்குள் வைத்தவை. அலுமாரிக்குக் கதவு இல்லை என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் மூன்று நாளாக அவருக்குப் 'பிரைவசி செட்டிங்' விளங்கப்படுத்திக்கொண்டிருந்தோம். அவரோ பாலத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டூடியோ

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 31ஆம் நாள் படங்களை எடுத்த ஸ்டூடியோ, பிள்ளையைக் கடகத்துக்குள் கிடத்தி எடுத்த படத்தைத் தன் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருந்தது. தங்கைக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். அழைத்துக் கேட்டால், உரிமையாளர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "பேஜில போட விட்டால் மூவாயிரம் கழிவு எண்டு சொன்னனாங்கள் அக்கா. அண்ணை ஓமெண்டவர்." ஒரு மணித்தியாலத்துக்குள் படத்தை அகற்றியும் விட்டார். அதற்குப் பிறகு மச்சானுக்கு வீட்டில் என்ன நடந்தது என்பது தங்கை வெட்டிய இரண்டு இடங்களில் ஒன்று.

என் கணக்கில் அம்மாவைவிட மச்சான் செய்ததுதான் பிழை. அம்மா தெரியாமல் போட்டார். மச்சான் விலை பேசினார்.

சட்டம் என்ன சொல்கிறது

பாரிஸில் இருக்கும் சித்தப்பா குடும்பக் குழுவில் குரல் பதிவு போட்டார்: "இஞ்ச இப்ப பிள்ளையளின்ர படம் போட்டால் தாய் தேப்பனை மறியலில போடுவாங்கள்." அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியின் தேநீர்க்கடைச் செய்தி. உண்மை அவ்வளவு பயங்கரமில்லை, ஆனால் கவனிக்க வேண்டியது. பிரான்ஸ் 2024 பெப்ரவரி 19இல் கொண்டுவந்த சட்டம், பிள்ளையின் படத்தின் மீதான உரிமையைத் தாயும் தகப்பனும் சேர்ந்தே காக்க வேண்டும் என்றும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. இருவருக்கும் ஒத்துவராவிட்டால், மற்றவரின் சம்மதமில்லாமல் போடக் கூடாது என்று நீதிபதி ஒருவரைத் தடுக்கலாம். மறியல் இல்லை. மச்சானும் தங்கையும் பாரிஸில் இருந்திருந்தால் அந்த மூவாயிரம் ரூபாய்ப் பேரம் இந்த வாசலில் போய் நின்றிருக்கும்.

எங்கள் கதைக்கு இன்னும் கிட்ட வருவது நெதர்லாந்து. 2020 மே மாதம் கெல்டர்லாந்து நீதிமன்றத்தில் ஒரு தாய், தன் சொந்தத் தாய்க்கு எதிராகவே வழக்குப் போட்டார். அம்மம்மா பேரப்பிள்ளைகளின் படங்களைப் பேஸ்புக்கிலும் பின்டரெஸ்டிலும் போட்டிருந்தார். எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. வீட்டுத் தேவைக்கான தரவுக்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி பொருந்தாது என்று ஒரு விலக்கு உண்டு. பொது வெளியில் போட்ட பிறகு அது வீட்டு விஷயம் என்று சொல்ல முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். எடுக்காவிட்டால் நாளுக்கு 50 யூரோ, கூடியது 1,000 யூரோ. இதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். "பெத்த தாயைக் கோட்டுக்கு ஏத்தினவளோ?" என்று மட்டும் கேட்டார். தங்கை வேறு பக்கம் பார்த்தாள்.

இங்கே? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளையைப் பற்றிய தரவை அது விசேட வகையாக வைத்து, கூடுதல் கவனம் கேட்கிறது. நோய் பற்றிய தரவும் அப்படியே. ஆனால் ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆக அம்மா இதில் அகப்பட மாட்டார் என்றே நினைக்கிறேன், அகப்படவும் வேண்டாம். வியாபாரத்துக்காகப் படம் போட்ட ஸ்டூடியோ அகப்படலாம். அதுவும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தால். 2025 மார்ச் 18 என்று குறித்த நாள் பிறகு தள்ளிப்போனது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, எந்தப் பிள்ளையின் அந்தரங்கத்திலும் முறையின்றித் தலையிடக் கூடாது என்கிறது. அதை வைத்து ஐந்து மாதப் பிள்ளை அம்மம்மாவோடு வழக்காட முடியுமா என்று கேட்டால், சட்டம் படித்த என் நண்பன் சிரித்தான்.

படத்தை எடுப்பித்தது

போலிப் பக்கத்தை முதலில் மோசடி என்று முறையிட்டோம். மாமி, சித்தப்பா, லண்டன் மச்சாள் என்று எல்லோரும் சேர்ந்து அமத்தினோம். விதிமீறல் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பிறகுதான் பேஸ்புக்கில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படத்தை எடுக்கச் சொல்லிப் பெற்றோரே முறையிட ஒரு தனிப் படிவம் இருப்பது தெரிந்தது. தங்கை தன் பெயரில் நிரப்பினாள். நான்கு நாளில் படம் போனது. பத்துப் பேர் மோசடி என்று அமத்துவதைவிடத் தாய் ஒருத்தி அந்தப் படிவத்தை நிரப்புவது எங்கள் விஷயத்தில் பலித்தது. இந்தக் கதையில் வேறொன்றும் ஞாபகத்தில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

பொலிஸிலும் ஒரு முறைப்பாடு எழுதினோம். கணக்கு இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். மாமியின் 100 டொலர் வரவில்லை. படம் வேறு கேவலமான விதத்தில் பயன்பட்டிருந்தால் முதலில் 1929ஐத்தான் அழைத்திருப்போம்; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் அந்த இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது.

வட்ஸ்அப்பில் பரவியதை எதுவும் செய்ய முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, மட்டக்களப்பில் வேலை செய்யும் என் நண்பன் ஒருவனுக்கு அதே படம் வந்தது. இந்த முறை நோய் புற்றுநோய்.

இப்போது

அம்மாவின் கணக்கில் இருந்த படங்களை இரண்டு பின்னேரம் இருந்து ஒவ்வொன்றாக அகற்றினோம். பேஸ்புக்கைப் பூட்டுவதல்ல அம்மாவுக்குத் தேவைப்பட்ட மருந்து. நல்ல 200 படங்களைத் தெரிந்து அச்சடித்தோம். மூன்று அல்பம்: ஒன்று இங்கே, ஒன்று ஸ்காபரோ, ஒன்று பாரிஸ். ஊருக்கு என்ன நடந்தாலும் இரண்டு மிஞ்சும் என்றேன். அம்மா முதல் தடவையாகத் தலையாட்டினார். எங்கள் அல்பம் இப்போது சாதகங்களோடு இரும்புப் பெட்டிக்குள்.

புதுப் படங்களுக்கு 14 பேர் கொண்ட ஒரு வட்ஸ்அப் குழு. கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரி, சுகமில்லாத நேரம், வீட்டு வாசல் படம் எதுவும் இல்லை. குளிப்பாட்டும் படமும் இல்லை. இதில்தான் அம்மாவுக்கு மனத்தாங்கல். கால் நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் படம் அவருக்கு அவ்வளவு விருப்பம். அது அல்பத்தில் இருக்கிறது, ஃபோனில் இல்லை. ஸ்டேட்டஸ் வைப்பதும் நின்றது. தன் ஃபோனில் இலக்கம் இருக்கிற மேசன், மீன்காரர், ஓட்டோத் தம்பி எல்லோரும் இத்தனை நாளாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது தங்கையே திகைத்துப்போனாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. குழு தொடங்கிப் பத்தாம் நாள், மாமி அதிலிருந்த ஒரு படத்தை எடுத்துத் தன் முகப்புப் படமாக வைத்துவிட்டார். 100 டொலர் தொலைத்த அதே மாமி. "முகப்புப் படம் போடக் கூடாதெண்டு நீங்கள் சொல்லேல்லையே பிள்ளை" என்றார்.

எட்டாம் மாதம், பல் முளைத்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு. அயலும் உறவும் வந்து வீடு நிறைந்தது. பிள்ளையைப் பாயில் இருத்தி, முன்னால் கொப்பி, பேனை, சங்கிலி எல்லாம் வைத்து, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டும் நேரம் சுற்றிவர எல்லாக் கையிலும் ஃபோன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றார்.

"எடுக்கிற ஆக்கள் எடுங்கோ. போடுறதெண்டால் தாயைக் கேட்டிட்டுப் போடுங்கோ."

பிள்ளை சங்கிலியையும் எடுக்கவில்லை, பேனையையும் எடுக்கவில்லை. கீழே உருண்ட ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் வைத்தது.

இரண்டு நாள் கழித்து டிக்டொக்கில் ஒரு துண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டது, தங்கையைக் கேட்கவில்லை. பின்னாலிருந்து எடுத்தது. துணியும், உருளும் கொழுக்கட்டைகளும், ஒரு சின்னப் பிடரியும் மட்டும். தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இதையும் அச்சடிக்கேலுமோ?" என்று கேட்டார்.